செயலாளரின் ஆண்டறிக்கை

அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் கோடைக்கால ஒன்றுகூடலும் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு ஆறு முறை கூடியது.

நான் முன்மொழிந்து நடத்திய பங்கர் ஹில் நடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "லாஸ் ஏஞ்சலஸில் பழசு என்ன இருக்கிறது?" என்று போன பொதுக்குழுவில் கேட்டீர்கள். டவுன்டவுனில் நாம் கார் நிறுத்தத் தேடும் அந்தப் பங்கர் ஹில் மேட்டில், 1867இல் ப்ரூடன்ட் போட்ரி என்ற நில வியாபாரி நிலம் வாங்கிய பிறகு, பணக்காரர்கள் கோபுரம் வைத்த மரவீடுகளைக் கட்டினார்கள். அவர்கள் மேற்கே குடிபோனதும் அதே வீடுகள் அறை அறையாக வாடகைக்குப் போயின. முன்வாசலில் நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டிருந்த பென்ஷன்காரர்கள்தான் கடைசிவரை அங்கே இருந்தவர்கள். 1959இல் மறுசீரமைப்புத் திட்டம் வந்தது. வீடுகள் மட்டுமல்ல, மேட்டின் உச்சியும் போயிற்று. பங்கர் ஹில் அவென்யூ என்ற தெருவே இன்று இல்லை. கடைசியாக மிஞ்சிய இரண்டு வீடுகளை 1969இல் பெயர்த்து, பழைய வீடுகளைப் பாதுகாக்கும் இடமான ஹெரிடேஜ் ஸ்குவேருக்குக் கொண்டுபோனார்கள். அதே ஆண்டு அக்டோபரில் யாரோ வைத்த தீயில் இரண்டும் எரிந்தன. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நடைக்குப் பெயர் கொடுத்தவர்கள் 34 பேர். வந்தவர்கள் 11 பேர். பழைய படங்களை அட்டையில் ஒட்டி 34 செட் தயாரித்திருந்தேன். மீதி என் கார் டிக்கியில் இருக்கிறது. வராதவர்களில் இரண்டு பேர்தான் முன்கூட்டிச் சொன்னார்கள். அது எனக்கு வருத்தம்தான்.

வந்தவர்களுக்கு நிறைவாக இருந்தது. அந்த மேட்டில் ஏறும் கம்பிவட ரயிலான ஏஞ்சல்ஸ் ஃபிளைட்டின் ஆரஞ்சு நிறப் பெட்டியில் ஏறியபோது, எதிர்ப்பெட்டி இறங்கி வருவதைப் பார்த்த மூத்த உறுப்பினர் ஒருவர், "தம்பி, நம்ம பழனி விஞ்ச் மாதிரியே இருக்குப்பா" என்றார். 1901இல் ஓடத் தொடங்கியது, 1969இல் கழற்றி வைத்தது, 1996இல் அரைத்தெரு தள்ளி மறுபடி ஓடியது என்று சொல்லி முடிப்பதற்குள் மேலே வந்துவிட்டோம்.

கணக்கைப் பொருளாளர் வைப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. சந்தா பாதிப்பேரிடம் பாக்கி. மூன்று முறை நினைவூட்டிவிட்டேன். தலைவர், பொருளாளர், சமையல் குழுவினர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ஏஞ்சலினோ ஹைட்ஸின் கரோல் அவென்யூவுக்குப் போகலாம் என்று எண்ணம். அங்கே அந்தக் காலத்து வீடுகள் இன்னும் நிற்கின்றன, ஆட்களும் குடியிருக்கிறார்கள். ஜனவரிக்குள் 20 பேராவது சந்தாவோடு பெயர் கொடுத்தால் ஏற்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். இல்லையென்றால் இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்றுக்கொள்வதுதான் சரி. படங்களை அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

செயலாளர்