பழைய போர்க்கப்பல் மாதிரியைக் குழுவிடம் ஒப்படைக்கும் முன்: நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெரிய மாதிரிக் கப்பல்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் அருங்காட்சியக, கடல்சார் கழக, கல்லூரி நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

உங்கள் கூடத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பாய்மரப் போர்க்கப்பல் நிற்கிறது. நீளம் ஓர் ஆள் உயரம். மூன்று பாய்மரங்கள், அடுக்கடுக்காய்ப் பீரங்கிகள். கயிறுகள் அறுந்து தொங்குகின்றன. பாயைத் தாங்கும் பருமல்கள் சரிந்து கிடக்கின்றன. பீரங்கிகளின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. ஆர்வமுள்ள ஆறேழு பேரைச் சேர்த்து, ஆண்டு விழாவுக்குள் புதுசு போல ஆக்கிவிடலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்திருக்கும். அந்தத் தீர்மானத்தில் கையெழுத்திடும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: தீர்மானத்திலிருந்து விழாத் தேதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில், நடக்கும் வேலையையெல்லாம் குறித்துவைக்கும் ஒரு பதிவாளரை நியமியுங்கள்.

வெளிச்சமும் ஈரமும் நூறாண்டில் செய்யும் சேதத்தை, பேசி வைத்துக்கொள்ளாத ஆறு நல்ல கைகள் ஒரே வாரத்தில் செய்துவிடும். ஒருவர் கழற்றி வைத்த கப்பி எந்தக் கயிற்றிலிருந்து வந்தது என்பது இன்னொருவருக்குத் தெரியாது. ஒருவர் நொடியில் ஒட்டும் சயனோ பசை வைத்து இறுக்கிய முடிச்சை அடுத்தவர் பிரிக்க வேண்டியிருக்கும். அது பிரியாது, அறுபடும். பதிவாளர் என்பவர் கப்பலைத் தொடவே கூடாது. அவர் கையில் பென்சில், நோட்டு, கேமரா, ஜிப் பைகள், எண் சீட்டுகள் மட்டும் இருக்கட்டும். பேனா அறைக்குள்ளேயே வர வேண்டாம்; பழைய லினன் பாயில் ஒரு துளி மை விழுந்தால் அது அங்கேயே தங்கிவிடும். யார், என்றைக்கு, எதை, எந்தப் பசையால் ஒட்டினார் என்பது அந்த நோட்டில் ஏறிய பிறகுதான் அடுத்த வேலை தொடங்க வேண்டும்.

முதல் மாதம் எதையும் செப்பனிட வேண்டாம். அளவுகோலும் வண்ணச் சீட்டும் சட்டகத்துக்குள் தெரியும்படி எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். பிறகு கயிறுகள் சுற்றி முடியும் முளைகள் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, எந்தக் கயிறு எங்கே தொடங்கி, எந்தக் கப்பிகள் வழியாக ஓடி, எந்த முளையில் முடிகிறது என்று வரையுங்கள். மூன்று மாதம் கழித்துக் குழுவே நம்பியிருக்கப்போவது இந்த வரைபடத்தைத்தான். பீரங்கித் துளை வழியாக மெல்லிய எண்டோஸ்கோப் கேமராவை விட்டால் உள்ளே கழன்று விழுந்த பீரங்கி, விரிந்த சட்டம், பழைய பசைத் திட்டுகள் எல்லாம் தெரியும்.

தூசியையும் கொட்டிவிடாதீர்கள். தளத்தையும் கூண்டின் அடியையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் தூசியையும் தனிப் பையில் எடுத்து, தேநீர் வடிகட்டியில் சலியுங்கள். மூன்று மில்லிமீட்டர்க் கப்பிகள், கொக்கிகள், முளைகள் அதில்தான் கிடைக்கும். ஒரு துண்டு எந்தக் கட்டத்தில் கிடந்ததோ, பெரும்பாலும் அதற்கு நேர் மேலேதான் அதன் இடம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர்த் துளைகளும் அவற்றைச் சுற்றி வெளிர்ந்த மரத்தூளும் தெரிந்தால், அடியில் கறுப்புத் தாள் விரித்துச் சில வாரம் காத்திருங்கள். புதுத் தூள் விழுந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. பூச்சிமருந்து தெளித்தால் பூச்சு கெடும். காற்றுப் புகாத உறைக்குள் வைத்து ஆக்சிஜனை 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கி, மூன்று நான்கு வாரம் விடுவதே பாதுகாப்பானது.

இனி அந்த வெள்ளைப் பொடி. பலரும் அதைத் தூசி என்று எண்ணித் துடைத்துவிடுகிறார்கள். ஈயத்தில் வார்த்த பீரங்கி, நங்கூரம், சிற்ப வேலைகள் அசிட்டிக் அமில ஆவி பட்டு ஈயக் கார்பனேட்டாக மாறிக்கொண்டிருப்பதன் அடையாளம் அது. பொடியாகும்போது பருமன் கூடுவதால் பீரங்கி உப்பும், வெடிக்கும், கடைசியில் உதிரும். ஆவி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கூண்டிலிருந்துதான். ஓக் மரம், பிளைவுட், எம்.டி.எஃப். பலகை, முழுதாகக் காயாத பெயின்ட், புளித்த வாடை அடிக்கும் வகை சிலிக்கான் ஆகிய எல்லாமே அமிலம் விடுபவை. தூசி வரக் கூடாதென்று கூண்டின் விளிம்பைச் சிலிக்கான் போட்டு இறுக்கி அடைப்பதைப் போன்ற கெடுதல் வேறில்லை. ஆவி வெளியேற வழியின்றி உள்ளேயே சுழலும். அமிலம் காட்டும் நீலச் சோதனைச் சீட்டு ஒன்றை ஒரு நாளாவது உள்ளே தொங்கவிடுங்கள். பச்சையாக, பிறகு மஞ்சளாக மாறினால், கப்பலுக்கு முன் கூண்டுக்குத்தான் செலவு செய்ய வேண்டும். அமிலம் விடாத பொருளில் கூண்டைச் செய்து, காற்று மெல்ல மாறும்படி வடிகட்டி வைத்த துளைகள் விடுங்கள். கூண்டை மாற்றாமல் பீரங்கியை மாற்றினால், ஈயத்தில் வார்த்த புதுப் பீரங்கியும் இதே கதிக்குத்தான் ஆளாகும்.

அந்தப் பொடி நஞ்சு. நைட்ரைல் கையுறையும் பி100 வகை முகமூடியும் இன்றி யாரும் கிட்டப் போகக் கூடாது. உலர்ந்த தூரிகையால் தட்டக் கூடாது, அந்த மேசையில் தண்ணீர்ப் பாட்டில்கூட இருக்கக் கூடாது. பாதிக்கு மேல் பொடியான பீரங்கிக்குப் பதில் பித்தளையில் கடைந்தோ ஈயம் கலவாத பிரிட்டானியா உலோகத்தில் வார்த்தோ வைக்கலாம். அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஆண்டைக் குறித்து வையுங்கள். பழையதை மூடிய பையில், எண்ணிட்டுப் பாதுகாக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் ஆர்வக் கோளாறில் பிறப்பது. குழுவில் யாராவது ஒருவர் நிஜக் கப்பலைப் பற்றி நிறையப் படித்திருப்பார். மாதிரி அதிலிருந்து விலகும் இடமெல்லாம் தவறென்று திருத்தப் பார்ப்பார். பிரிட்டனின் பாய்மரப் போர்க்கப்பலான எச்.எம்.எஸ். விக்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1765-இல் நீரில் இறங்கிய அந்தக் கப்பலின் அடிப்பகுதிக்கு 1780-இல்தான் செப்புத் தகடு வந்தது. அமரத்தில், அதாவது பின்புறத்தில், திறந்திருந்த மாடங்கள் 1800-இல் தொடங்கி 1803-இல் முடிந்த பெரிய மராமத்தில் மூடப்பட்டன. மாடம் திறந்து, செப்புத் தகடு இல்லாமல் இருக்கும் மாதிரி தொடக்க கால விக்டரியைக் காட்டலாம். அதற்குத் தகடு ஒட்டி, அது பின்னாளில், 1805-இல் கலந்துகொண்ட டிரஃபால்கர் போரின் மஞ்சள், கறுப்புப் பட்டை அடிப்பது சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கிற வேலை. அந்த மஞ்சளே கூட நிச்சயமில்லை: பெயின்ட் அடுக்குகளை ஆராய்ந்த பிறகு 2015-இல் விக்டரிக்கு முன்பிருந்த அழுத்தமான காவிக்குப் பதில் வெளிறிய நிறம் பூசினார்கள். மாதிரியிலும் மறைவான இடத்தில் ஊசிமுனை அளவு பெயின்ட் எடுத்து, அடுக்குகளை உருப்பெருக்கியில் பார்க்காமல் தூரிகையைத் தொட அனுமதிக்காதீர்கள்.

தூக்குவது பற்றிச் சுருக்கமாக. கைகள் கப்பல் உடலின் அடியில் மட்டும் படலாம். தளத்தையோ பாய்மரத்தையோ பிடிக்கக் கூடாது. நான்கு பேர் தூக்க, ஐந்தாமவர் ஒருவரே குரல் கொடுக்க வேண்டும். அணியத்தில், அதாவது முன்புறத்தில், நீளும் முன்மரம் வாசலில் திரும்புமா என்று அட்டையில் அதே அளவு வெட்டி நடந்து பாருங்கள். இரண்டே தூண்களில் நிற்கும் மாதிரியின் ஏரா, அதாவது அடிமரம், காலப்போக்கில் வளையும். 1922 முதல் உலர்துறையில் நிற்கும் விக்டரிக்கே, உடல் சரியத் தொடங்கியதால், 134 முட்டுகள் கொண்ட புதுத் தாங்கல் அமைக்க வேண்டி வந்தது. உங்களுக்கு அத்தனை தேவையில்லை. உடலின் வளைவுக்கேற்ப வெட்டி, மெத்தை வைத்த நான்கைந்து தாங்கிகள் போதும்.

சுத்தம் செய்ய மென் தூரிகை, குறைந்த உறிஞ்சலில் ஹெப்பா வடிகட்டி வைத்த வாக்குவம், அதன் வாயில் வலைத்துணி. படிந்த அழுக்குக்குப் பஞ்சுக் குச்சியில் சிறிது எச்சில். அருவருப்பாகத் தோன்றும், ஆனால் உமிழ்நீரின் நொதி பல கரைப்பான்களை விட மென்மையாக வேலை செய்யும் என்பதால் தொழில்முறைச் செப்பனிடுவோரே அதைத்தான் எடுக்கிறார்கள். பின்னர் வடிநீரால் துடைக்க வேண்டும். ஈயப் பொடியோ ஈயப் பெயின்ட்டோ உள்ள இடத்தில் மட்டும் இந்த உத்தி வேண்டாம். ஆளிவிதை எண்ணெயும் மேசை பாலிஷும் ஒரு மாதம் பளபளத்து, பிறகு பழுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பலகைகளுக்கு இடையில் விரிந்த கோட்டைக் கெட்டியான புட்டியால் அடைக்காதீர்கள். மரம் நாரின் குறுக்கே சுருங்கி விரியும். ஈரம் ஏறியதும் பலகை புட்டியில் மோதி எழும்பிவிடும்.

பசைக்கு ஒரே சட்டம்: போட்டதை எடுக்க முடிய வேண்டும். மரத்துக்குப் பழையபடி விலங்குப் பசை, வெதுவெதுப்பான ஈரத்தில் இளகும். உலோகத்துக்கும் சிறு துண்டுகளுக்கும் அசிட்டோனில் கரையும் பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின். கயிற்று முனைகளுக்குக் கோதுமை மாவுப் பசை. எபாக்சியும் சயனோ பசையும் அறைக்கு வெளியே இருக்கட்டும். பழைய விலங்குப் பசை மூட்டைப் பிரிக்க வேண்டுமானால், ஊசியால் ஒரு துளி எத்தனால் விடுங்கள். அது பசையின் ஈரத்தை இழுத்து நொறுங்க வைக்கும். பூச்சில் ஸ்பிரிட் வார்னிஷ் இருந்தால் அதையும் எத்தனால் கரைத்துவிடும் என்பதால் முதலில் மறைவிடத்தில் சோதியுங்கள்.

கயிறுகளுக்கு வருவோம். பாதிக் காலமும் முக்கால் பொறுமையும் இங்கேதான் போகும். எல்லாவற்றையும் அறுத்தெறிந்து புதிதாகக் கட்டுவதுதான் எளிது. அதற்குத்தான் நீங்கள் அனுமதி தரக் கூடாது. தூரிகைக் காம்பால் மெல்லத் தூக்கினால் தாங்கும் கயிறு இருக்கட்டும். ஓரிடத்தில் மட்டும் அறுந்ததை மெல்லிய ஜப்பானியத் தாள் இழையும் மாவுப் பசையும் கொண்டு பாலம் போட்டு ஒட்டலாம். தொட்டதும் தூளாகும் கயிற்றை மட்டும் மாற்றுங்கள். பழைய கறுப்பு நூல்கள்தான் முதலில் தூளாகும். இரும்பும் டானினும் சேர்ந்த சாயம் இழையையே தின்றுவிடுகிறது.

மாற்றும்போது தடிமனில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் கப்பல் அட்டவணைகளில் கயிற்றின் அளவாகக் கொடுத்திருப்பது சுற்றளவு, விட்டம் இல்லை. 24 அங்குல நங்கூர வடம் என்றால் விட்டம் ஏறத்தாழ ஏழரை அங்குலம். அடிக்குக் கால் அங்குலம் என்ற 1:48 அளவில் 4 மில்லிமீட்டர். சுற்றளவை விட்டமாக எடுத்துக்கொண்டால் 12.7 மில்லிமீட்டரில் ஒரு மலைப்பாம்பு அணியத்தில் தொங்கும். முறுக்கின் திசையும் முக்கியம்: சாதாரணக் கயிறு வலமுறுக்கு, அப்படி மூன்றைச் சேர்த்துத் திரித்த நங்கூர வடம் இடமுறுக்கு. கடை நூல் பலவற்றில் முறுக்குத் திசை மாறி இருக்கும். ஆகவே சிறு கயிறுதிரி கருவியில் நீங்களே திரியுங்கள். திரிக்கையில் நீளம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு சுருங்கும் என்பதைக் கணக்கில் வைத்து, மொத்தத் தேவைக்கும் ஒரே தொகுதி நூலை வாங்குங்கள். பாதியில் தீர்ந்து அடுத்த தொகுதி வாங்கினால் நிறம் ஒட்டாது. உற்பத்தியிலேயே நிறமூட்டிய பாலியஸ்டர் நீடிக்கும், ஈரத்தில் பெரிதாக அசையாது. பருத்தியும் லினனும் ஈரத்தில் சுருங்கி இறுகும், உலர்ந்ததும் தளரும். மழைநாளில் விறைப்பாக இழுத்துக் கட்டினால் வறண்ட மாதத்தில் தொய்யும். வறண்ட நாளில் கட்டினால் ஈரம் ஏறியதும் முளையைப் பிடுங்கும். அறையின் ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி நிற்கும்போது மட்டும் கட்டுங்கள். தேன்மெழுகைத் தாராளமாகத் தேய்க்கும் வழக்கம் எங்களுக்கு உடன்பாடில்லை. அது தூசியைப் பிடித்துவைக்கும்.

கட்டும் வரிசை கீழிருந்து மேல். பக்கவாட்டு நிலைக்கயிறுகளான ஷ்ரவுடுகளில் முதல் இணை வலப்பக்க முன்புறம், அடுத்தது இடப்பக்க முன்புறம் என்று மாறி மாறிப் பாய்மரத் தலையில் ஏற வேண்டும். முன்னிழுக்கும் ஸ்டே அவற்றுக்கு மேல் உட்காரும். ஒரே பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் மரம் சாய்ந்துவிடும். பிறகு எதை இழுத்தும் நேராகாது. ஏணிப்படி போன்ற ரேட்லைன்கள் 1:48 அளவில் 7 முதல் 8 மில்லிமீட்டர் இடைவெளியில் வரும். அவற்றை இறுக்கிக் கட்டினால் ஷ்ரவுடுகள் நடுவில் ஒட்டி உடுக்கை போல இடுப்பு ஒடுங்கும். பின்னால் கோடிட்ட அட்டை வைத்து, குறுக்கே தற்காலிகக் குச்சிகள் கட்டி, நடு ஷ்ரவுடிலிருந்து வெளிப்பக்கமாகப் போங்கள்.

குழுவின் கை ஒன்றாக இருப்பதற்கு வழி, வேலை தொடங்கும் முன் ஒரு மாதிரிப் பலகை. அதில் ஒவ்வொரு முடிச்சும், சுற்றுக் கட்டும் எத்தனை சுற்று என்பதோடு கட்டிக் காட்டப்பட்டிருக்கட்டும். ஒரு பாய்மரத்தின் இரண்டு பக்கத்தையும் ஒரே ஆளே கட்ட வேண்டும். கப்பலருகே ஒரே நேரத்தில் இருவருக்கு மேல் வேண்டாம். மற்றவர்களுக்கு மேசையில் கயிறு திரிக்க, கப்பி செய்ய, பழைய துண்டுகளைப் பொருத்திப் பார்க்க வேலை நிறைய உண்டு. மோதிரம், வளையல், தொங்கும் கைச்சட்டை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கழுத்தில் ஆடும் அடையாள அட்டை எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றிவிடச் சொல்லுங்கள். அந்த அட்டை குனியும்போது எத்தனை ரேட்லைனை இழுக்கும் என்பதை நிர்வாக விதி எழுதுபவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

வேலை முடிந்து கூண்டு மூடியதும் வெளிச்சத்தை 50 லக்ஸுக்குள்ளும் ஈரப்பதத்தை 45 முதல் 55 விழுக்காட்டுக்குள்ளும் வையுங்கள். முதல் ஆண்டு மாதம் ஒருமுறை அதே கோணங்களில் படம் எடுத்து ஒப்பிடுங்கள். கழற்றிய பழைய பாகங்கள் இருக்கும் பெட்டியும் பதிவாளரின் நோட்டும் கப்பலின் அதே சரக்கு எண்ணில் பதிவாக வேண்டும். நோட்டின் ஒரு நகல் கூண்டின் அடிப் பீடத்துக்குள், அமிலமற்ற உறையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பழைய மாதிரிக் கப்பல்களைச் செப்பனிடுவோர் சிலர்