கோர்ஸ்வொர்க்கின் மூன்றாவது தாள்

நெல்லைச் சீமையில் கல்வியியல் முனைவர் பட்டத்துக்குப் பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை நான். கல்வித் தலைமைத்துவத்தில் பகுதிநேர ஆய்வாளராகப் பதிந்திருக்கிறேன். எங்களுக்குள் முணுமுணுத்துக்கொள்வதை உங்களிடமே நேராகச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறைப்படி, ஆய்வாளர்கள் ஆரம்பத்தில் படித்து முடிக்க வேண்டிய பாடங்களான கோர்ஸ்வொர்க்குக்குக் குறைந்தது 12 கிரெடிட் வேண்டும். ஆய்வு முறையியலும் ஆய்வு நெறிமுறைத் தாளும் இல்லாமல் முடியாது. அவற்றில் எனக்குக் குறையில்லை. நான் பேச வந்தது ஆய்வுப் பொருளை ஒட்டிய மூன்றாவது தாளைப் பற்றி.

அதில் இப்போது என்ன இருக்கிறது? தலைமைத்துவக் கோட்பாடுகள், அதன் வகைகள், அப்புறம் ஓர் அளவுகோல். பிலிப் ஹாலிங்கர் என்ற கல்வி ஆய்வாளர் 1980களில் அமெரிக்காவில் உருவாக்கிய வினாநிரலைத் தமிழில் பெயர்த்து முந்நூறு ஆசிரியர்களிடம் கொடுத்து, ஆண் பெண், நகரம் கிராமம் என்று பிரித்து, இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்ட் போட்டால் பாதி ஆய்வேடு முடிந்த மாதிரிதான். வினாநிரல் மோசமில்லை. ஆனால் ஆசிரியர்களுக்கு ஊக்கச் சலுகை அளிப்பதைத் தலைவரின் பணிகளில் ஒன்றாக அது கேட்கிறது. நான் யாருக்கு என்ன கொடுக்க? ஆசிரியரை நியமிப்பது நிர்வாகம், ஒப்புதல் தருவது கல்வி அலுவலகம், சம்பளம் போடுவது அரசு.

நம் மாவட்டத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வரும் மிஷன் பள்ளிகள் உண்டு, கமிட்டிப் பள்ளிகள் உண்டு, குடும்ப மேனேஜ்மென்ட் பள்ளிகளும் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடத்தைப் பெற்றோருக்குத் தருகிறது. அதே சட்டம், உதவிபெறும் பள்ளி என்றால் அந்தக் குழு ஆலோசனை மட்டும் சொன்னால் போதும் என்கிறது. பீடி சுற்றும் வேலையை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வரும் தாய்மார் கழிப்பறைக்குக் கதவு கேட்டால், தீர்மானம் எழுதிப் பள்ளி நிர்வாகத்தின் செயலருக்கு அனுப்பத்தான் என்னால் முடியும். கதவு வருவது அவர் மனசைப் பொறுத்தது. ஒரு ஹெச்.எம். (தலைமையாசிரியர்) இந்த நடுவில் நின்று எப்படிக் காரியம் சாதிக்கிறார் என்பது எந்த வினாநிரலிலும் வராது.

இன்னொன்று, சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் பள்ளி மாணவர்கள். அதையடுத்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு, பள்ளிப் பெயரில் ஒட்டியிருக்கும் சாதி, தலைமையாசிரியரை எந்த ஊரில் நியமிப்பது என்று எல்லாமே அதில் வருகிறது. பரிந்துரைகளை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் நம் மாவட்டத்திலேயே நடந்ததற்கு எழுதப்பட்ட அறிக்கையைப் படிக்காமல் இங்கே ஒருவர் கல்வித் தலைமைத்துவத்தில் முனைவர் ஆகலாம் என்றால், எனக்கு அது கூச்சமாக இருக்கிறது. கயிற்றை அவிழ்க்கச் சொன்ன ஆசிரியரை ஊர்ப் பெரியவர்கள் தேடி வந்தால் ஹெச்.எம். என்ன பேசுவார்? பேசிச் சமாளித்தவர்கள் நம் ஊரிலேயே ஓய்வு பெற்று உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் பேசவிடுங்கள். புத்தகத்தில் கிடைக்காத பாடம் அது.

ஆகவே, அந்த அறிக்கையையும், ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்யும் பணியிட நிர்ணய ஆணைகளையும், தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தையும் மூன்றாவது தாளில் சேருங்கள். கோட்பாட்டை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்போம். செமினாருக்குப் பவர்பாயின்ட் வாங்குவதற்குப் பதிலாக, ஏதாவது ஒரு பள்ளியின் மேலாண்மைக் குழுத் தீர்மானப் பதிவேட்டை மூன்று வருடத்துக்கு வாசித்து, எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். முறையியல் தாளில் நேர்காணலுக்கும் ஆவண ஆய்வுக்கும் புள்ளியியலுக்குச் சமமான நேரம் வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததுதான்.

கடைசியாகக் கால அட்டவணை. சனிக்கிழமை வகுப்பு என்கிறீர்கள், பல சனிக்கிழமைகளில் எங்களுக்குக் குறுவள மையக் கூட்டம் (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் கூட்டம்). மார்ச், ஏப்ரல் தேர்வு, ஜூனில் சேர்க்கை. பகுதிநேரக்காரர்களுக்கு மே மாதத்தில் தொடர்ந்து வகுப்பு வைத்தால் பெரும்பாலோர் வந்துவிடுவோம். தேதியை மட்டும் பிப்ரவரிக்குள் அறிவித்துவிடுங்கள். நிர்வாகத்திடம் அனுமதி வாங்க எங்களுக்கும் அவகாசம் வேண்டுமல்லவா.

இப்படிக்கு,
பகுதிநேர ஆய்வாளர் ஒருவர்