ஓட்டுநர் இல்லாத டாக்சி எதை நம்பி ஓடுகிறது?

அன்புள்ள அப்பாவுக்கு,

சான் பிரான்சிஸ்கோ தெருக்களில் ஓட்டுநர் இருக்கை காலியாக ஓடும் டாக்சியை இப்போது யாரும் நின்று பார்ப்பதில்லை. வேமோ நிறுவனம் 2024 ஜூனிலேயே இங்கு எல்லோருக்கும் இதைத் திறந்துவிட்டுவிட்டது. எதை நம்பி அதில் ஏறுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொல்லி முடியாது.

வேமோவின் ஆறாம் தலைமுறைக் கருவித் தொகுதியில் 13 கேமரா, 4 லைடார், 6 ரேடார். சிக்னலின் நிறம் கேமராவுக்குத்தான் தெரியும். எதிர்வெயில் அடித்தால் அதற்குக் கண் கூசும். லைடார் லேசர் ஒளியை விட்டு, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கும். 30 மீட்டர் தள்ளி நிற்பவர்மேல் பட்டுத் திரும்ப, நொடியில் 50 லட்சத்தில் ஒரு பங்குதான் ஆகும். இருட்டு அதற்குப் பொருட்டில்லை, ஆனால் அடர்ந்த பனிமூட்டத்தில் ஒளி சிதறும். ரேடார் மூட்டத்தை ஊடுருவும், வேகத்தையும் நேரடியாகச் சொல்லும், உருவம் மட்டும் மங்கல். ஒன்று தடுமாறும் இடத்தில் இன்னொன்று கைகொடுக்கவே மூன்றும்.

ஆனால் அப்பா, பார்ப்பது சுலபமான பாதி. 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பியில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மீது ஊபரின் சோதனைக் கார் மோதி அவர் இறந்தார். மோதுவதற்கு 5.6 நொடி முன்பே கார் அவரைக் கண்டிருந்தது. வாகனம், வேறு ஏதோ பொருள், சைக்கிள் என்று மாற்றி மாற்றி வகைப்படுத்தியது; வகை மாறும்போதெல்லாம் அதுவரை அவர் நகர்ந்து வந்த தடத்தைக் கைவிட்டது. குறுக்குக்கோடு இல்லாத இடத்திலும் ஆள் கடப்பார் என்பதே அந்த மென்பொருளின் கணக்கில் இல்லை. வீண் பிரேக்கைத் தவிர்க்க ஒரு நொடி பொறுக்கும்படியும் அமைத்திருந்தார்கள். அந்தக் கார் வால்வோ; அதோடு வந்த தானியங்கி அவசர பிரேக்கோ, சோதனை ஓட்டத்தின்போது அணைந்திருக்கும். கண்காணிக்க உட்கார்ந்திருந்தவரின் கவனம் சாலையில் இல்லை.

2023 அக்டோபர் 2 அன்று இங்கே சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது வேறு மாதிரி. மனிதர் ஓட்டிய கார் மோதித் தூக்கியெறிந்த பெண், குரூஸ் என்ற இன்னொரு நிறுவனத்தின் ஓட்டுநரில்லா கார் முன்னால் வந்து விழுந்தார். அது பிரேக் பிடித்தும் மோதியது, நின்றது. பிறகு, பக்கவாட்டில் ஏதோ இடித்தது என்று தப்பாகப் புரிந்துகொண்டு, ஓரம்கட்ட நகர்ந்து, அடியில் கிடந்தவரை 6 மீட்டர் இழுத்துச் சென்றது. ஓரம்கட்டுவது நல்ல விதிதான். வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் செய்தால் அதுவே ஆபத்து. அதே மாதம் கலிபோர்னியா மோட்டார் வாகனத் துறை குரூஸின் ஓட்டுநரில்லா அனுமதியை நிறுத்திவைத்தது.

அதனால் எத்தனை கேமரா என்பதைவிட, பழுதானால் என்ன செய்யும் என்றுதான் நான் பார்ப்பேன். வேமோவில் ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் மாற்று ஏற்பாடு உண்டு. முதன்மைக் கணினி செயலிழந்தால் வண்டியைப் பத்திரமாக நிறுத்த இன்னொரு கணினியும் தனி மின்சாரமும் உண்டு. தூரத்திலிருந்து யாரோ ஸ்டியரிங்கைத் திருப்புவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: குழப்பமான இடத்தில் கார் கேட்கும் கேள்விக்கு அங்குள்ள ஊழியர் பதில் சொல்வார், ஓட்டுவது கார்தான்.

நீங்கள் வரும்போது பின்சீட்டில் உட்கார்ந்தாலும் பெல்ட் போட வேண்டும். திரையில் ஓரம் நிறுத்தவும் ஆளைக் கூப்பிடவும் பொத்தான்கள் இருக்கும். இறங்கும்போது பின்னால் சைக்கிள் வருகிறதா என்று பார்த்துக் கதவைத் திறங்கள். கார் எச்சரிக்கும், இருந்தாலும் திறப்பது உங்கள் கைதானே.

இப்படிக்கு,
அன்பு மகன்