பட்டத்துக்கும் பணிக்கும் இடையில் துணைநின்றவர்களுக்கு

பேரன்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

2019ஆம் ஆண்டு வேதியியலில் முதுநிலைப் பட்டம் பெற்று, 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில்தான் முதல் மாதச் சம்பளம் வாங்கியவள் நான். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் ஆய்வகத்தில் பணியாற்றுகிறேன். தகுதிகாண் காலம் முடிந்து வேலை உறுதியாகிவிட்டது என்ற கடிதம் அண்மையில் கைக்கு வந்தது. உங்கள் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்லலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் நேரில் வந்தால் "அதெல்லாம் ஒன்னுமில்லீங்க, காப்பி குடிங்க" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். நீங்கள் செய்தது இன்னதென்று சென்னிமலை வட்டாரம் அறியச் சொல்ல வேண்டும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன். உங்களில் பலர் விளம்பரத்தை விரும்பாதவர்கள் என்பதால் பெயர்களை மட்டும் தவிர்த்திருக்கிறேன். படித்ததும் யார் யாரென்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் பக்கத்தில் படித்த பெண்ணுக்கு வேலை கிடைக்கவில்லை என்று சொன்னால் எளிதில் நம்ப மாட்டார்கள். ஒருபுறம் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகள், மறுபுறம் பெருந்துறை சிப்காட், ஈரோட்டு ஜவுளி, கோவையின் பம்புசெட்டும் ஃபவுண்டரியும். விடிவதற்கு முன்பே கம்பெனி வேன்கள் ஊருக்குள் வந்து ஆள் ஏற்றிச் செல்கின்றன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலை தேடி இங்கே வருகிறார்கள். இத்தகைய ஊரில் பட்டம் பெற்று வீட்டில் இருப்பவரைச் சோம்பேறி என்று எண்ணிவிடுவது மிக எளிது. படிப்புக்கேற்ற வேலைக்கு முன்அனுபவம் கேட்டார்கள். படிப்பைப் பொருட்படுத்தாமல் சாதாரண வேலைக்கு விண்ணப்பித்தபோது, "இவ்வளவு படித்துவிட்டு எத்தனை நாள் இருப்பீர்கள்?" என்று ஒரு நிறுவனத்தில் திருப்பி அனுப்பினார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபின் அழைப்புகளும் நின்றுபோயின. அரசுத் தேர்வை நம்பிக் காத்திருந்த எங்களுக்கு, 2022 ஜூலையில்தான் குரூப் 4 தேர்வு நடந்தது. சில ஆயிரம் பணியிடங்களுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்திருந்தார்கள். முடிவு 2023 மார்ச்சில் வெளியாயிற்று. இடைப்பட்ட மாதங்களில் எதையும் தொடங்கவும் முடியாமல், எதையும் விடவும் முடியாமல் இருந்தவர்களில் நானும் ஒருத்தி.

உங்களில் எவரும் எனக்கு வேலை வாங்கித் தரவில்லை. அதனால்தானோ என்னவோ, நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் உங்களை நீங்களே வைத்துப் பார்ப்பதில்லை. காலையில் குளித்துப் புறப்பட்டுப் போவதற்கு ஓர் இடத்தையும், போய்ச் செய்வதற்கு ஒரு காரியத்தையும், அதைச் செய்து முடித்தால் எதிர்பார்த்திருந்து வாங்கிக்கொள்ள ஓர் ஆளையும் தந்தீர்கள். வேலையில்லாதவருக்குப் பணத்துக்கு அடுத்தபடியாக இல்லாமற்போவது இவைதாம் என்பதை அந்த ஆண்டுகளில் நன்றாக அறிந்துகொண்டேன்.

முதலில் எங்கள் கிளை நூலகர் அவர்களுக்கு. நூலகம் திறக்கும் நேரத்துக்கே வந்து நிற்கும் என்னை ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை நீங்கள். சில வாரங்கள் கழித்து, புதிதாக வந்த நூல்களுக்கு எண் எழுதி அடுக்கும் வேலையை, "உங்களுக்குச் சிரமமில்லீன்னா" என்று தயங்கித் தயங்கிக் கேட்டு ஒப்படைத்தீர்கள். அன்று முதல் நான் நூலகத்துக்குப் பொழுது போக்க வருபவளாக இல்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காகப் பின்புற அறையில் மேசை போட்டுத் தந்ததும், பழைய வினாத்தாள்களைத் தேடிக் கட்டிவைத்ததும் உங்கள் பணிப் பட்டியலில் இல்லாதவை.

பேருந்து நிலையத்தருகே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. தேர்வாணையத்தின் நிரந்தரப் பதிவுக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 100 ரூபாய் என்று அரசுக் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, உங்கள் கூலியை "வேலைக்குப் போனதும் குடுங்க" என்று நோட்டில் எழுதிவைத்தீர்கள். அந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டேன். புகைப்பட அளவு தவறியதற்காக இரவு கடையைச் சாத்திய பிறகு மீண்டும் திறந்த அந்த அரை மணி நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

எனக்கு மேல்நிலை வகுப்பில் வேதியியல் கற்பித்த ஆசிரியை அவர்களே, உங்களைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். பள்ளிகள் மீண்டும் திறந்த பிறகு, செய்முறைத் தேர்வுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். நீண்ட நாள் ஆய்வகத்தையே பார்க்காத பிள்ளைகள், பியூரெட்டை எந்தக் கையால் திறப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றார்கள். தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று, கரைசல்கள் தயாரிக்கவும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று காட்டவும் என்னை அமர்த்தினீர்கள். பெர்மாங்கனேட் ஒரு சொட்டு கூடினாலும் இளஞ்சிவப்பு தாண்டிவிடும். அந்த ஒரு சொட்டுக்கு முன் நிறுத்தும் பக்குவத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கக் கொடுக்க, என் கையில் மறந்துபோயிருந்த பழக்கமும் திரும்பிற்று. முதல் நாள் எனக்கென்று ஒரு வெள்ளை மேலங்கியை எடுத்துக் கொடுத்து, பிள்ளைகளிடம், "இவங்க எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. சந்தேகம் இருந்தா இவங்களக் கேளுங்க" என்றீர்கள். நான் என்னவாக இருக்கிறேன் என்று அப்படி ஒருவர் சொல்லிக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

அந்த அறிமுகத்தின் பயனாகவே, 2021 இறுதியில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. மாலை ஐந்து மணிக்கு எங்கள் கோயில் திண்ணையில் கூடிய பிள்ளைகளுக்கும், நோம்பி நாளில்கூட "இன்னைக்கு வகுப்பு இருக்குதுங்களா?" என்று வாசலுக்கு வந்து கேட்ட அவர்களுடைய தாய்மார்களுக்கும் நன்றி. யாரோ ஒருவர் நம்மை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார் என்பது, வேலை இல்லாதவருக்கு எவ்வளவு பெரிய தெம்பு என்பதை நீங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

ஈரோடு சென்னிமலை சாலையில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் உடன் படித்தவர்களையும், அங்கு கற்பித்தவர்களையும் நினைத்துக்கொள்கிறேன். பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறக்கூடாது என்பதையும், பதிந்து ஐந்தாண்டு காத்திருந்தவர்களில் வருமான வரம்புக்குட்பட்ட பட்டதாரிகளுக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு என்பதையும் அங்குதான் தெரிந்துகொண்டேன். அந்தத் தொகையும் அந்தக் காத்திருப்பும் இன்றைய விலைவாசிக்குப் பொருந்தவில்லை என்றே கருதுகிறேன், உயர்த்தப்பட வேண்டும். அதே வேளையில், 2021 மே மாதம் நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்திராவிட்டால், வீட்டில் காசு கேட்கக் கூசிக்கொண்டு நான் ஈரோட்டுக்குப் போவதையே நிறுத்தியிருப்பேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்ததை எழுதலாமா என்று சற்று யோசித்தேன், எழுதுவதே சரி. உறக்கம் கெட்டு, யாரையும் பார்க்கப் பிடிக்காமல் இருந்த ஒரு காலத்தில், அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகரைச் சந்தித்தேன். ஆலோசகர் அம்மா, நீங்கள் எனக்கு அறிவுரை சொல்லவில்லை. 1930 வாக்கில் ஆஸ்திரியாவின் மரியந்தால் என்ற சிற்றூரில் துணி ஆலை மூடப்பட்டபோது சமூக உளவியலாளர் மேரி ஜஹோடாவும் அவருடன் இருந்தவர்களும் அங்கு சென்று ஆராய்ந்ததைச் சொன்னீர்கள். வேலை இழந்தவர்களுக்கு நேரம் மிகுந்து கிடந்தும், நூலகத்தில் கட்டணத்தை நீக்கிய பிறகும், அவர்கள் முன்பைவிடக் குறைவாகவே படித்தார்கள். தெருவில் நடக்கும் நடையே மெதுவாகிவிட்டது. அதைக் கேட்டபோது, எனக்கு நேர்ந்தது என் குணக்கேடு அல்ல, வேலையின்மை எந்த நாட்டு மனிதரையும் செய்வது இதைத்தான் என்று புரிந்து, அன்றிரவு உறங்கினேன். என்னைப் போன்ற நிலையில் இருப்பவர்கள் தயங்க வேண்டாம்; 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

வீட்டாருக்கு நன்றி சொல்வது எங்கள் வழக்கமில்லை. ஆயினும் சொல்கிறேன். அப்பா கைத்தறியில் பெட்ஷீட் நெய்பவர், நெய்தால்தான் கூலி. அந்தக் கூலியில் எனக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்துவிட்டு, இன்னும் எத்தனை நாள் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. நான் விண்ணப்பங்களை மட்டும் அடுத்தடுத்து அனுப்பிக்கொண்டிருந்தபோது, "பாவு ஏத்தாத தறியில நாடா ஓட்டி என்ன கண்ணு பண்றது? மொதல்ல நாளுக்கு ஒரு ஒழுங்கு வெச்சுக்க" என்றார். அம்மா தறிக்குத் தார் நூல் சுற்றும் வேலையில் என்னைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டாரே தவிர, கல்யாணப் பேச்சை என்மேல் சுமத்தவில்லை. மாரியம்மன் நோம்பிக்கு வந்த உறவினர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து விசாரித்தபோது, அமுச்சி குறுக்கே வந்து, "எம்பேத்தி படிப்புக்கு வேல வரும்போது வரட்டுமுங்க. நீங்க பலகாரம் எடுத்துக்குங்க" என்று அந்தப் பேச்சை அதோடு நிறுத்திவிட்டார். தம்பி தன் முதல் சம்பளத்தில் எனக்கு எடுத்துக் கொடுத்த சுடிதாரைத்தான் நேர்முகத்துக்கு உடுத்திச் சென்றேன்.

அந்த நேர்முகத்தை நடத்திய ஆய்வகப் பொறுப்பாளர் அவர்களே, ஈரோடு வேலைவாய்ப்பு மையத்தில் நடந்த தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமில் என் விவரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "2019லிருந்து என்ன செய்தீர்கள்?" என்று கேட்டீர்கள். அதே கேள்வியை அதற்கு முன் கேட்டவர்கள் பதிலுக்குக் காத்திருந்ததில்லை, நீங்கள் காத்திருந்தீர்கள். பள்ளி ஆய்வகத்தையும், திண்ணை வகுப்பையும், நூலகத்துப் படிப்பு வட்டத்தையும் பற்றிச் சொன்னேன். அடுத்த வாரம் நிலையத்துக்கு வரவழைத்து, சாயக்கழிவுநீர் மாதிரியில் குளோரைடு அளவைக் கண்டுபிடிக்கச் சொன்னீர்கள். குரோமேட் சேர்த்த மஞ்சள் நீரில் வெள்ளி நைட்ரேட் சொட்டுச் சொட்டாக விழுந்து, செங்கல் நிறம் முதன்முதலாகத் தங்கிய நொடியில் என் கை நின்றது. மூன்று முறை செய்தும் அளவு ஒத்துவந்தது. அந்தக் கையைப் பழக்கத்திலேயே வைத்திருந்தவர் யாரென்று இந்த மடலைப் படிப்பவர்களுக்கு இப்போது தெரியும்.

இந்த வேலை எனக்குக் கூடுதலாக நெருக்கமானது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கிக் கிணறுகளும் காடுதோட்டங்களும் பாழானதை அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகே, ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியே விடக்கூடாது என்ற முறை இங்கே இறுக்கமாயிற்று. பருத்தித் துணியில் சாயம் பிடிக்கச் சேர்க்கும் உப்புதான் நீரில் கரைந்து நிற்கிறது. எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் நீரைப் பிரித்தெடுத்து, எஞ்சியதை ஆவியாக்கி, நீரையும் உப்பையும் மீண்டும் பட்டறைக்கே அனுப்புகிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் அளவு சரியா என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

நான் பயன்படுத்திய வேதியியல் நூல்களையும், குரூப் 4 குறிப்பேடுகளையும் கிளை நூலகத்தில் ஒப்படைத்திருக்கிறேன். தேவைப்படுவோர் நூலகரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். பணி நேரம் இடம்கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் அங்கே இருப்பேன். ஆய்வக வேலைக்கு விண்ணப்பம் எழுதவோ, நேர்முகத்துக்கு முன் பேசிப் பார்க்கவோ விரும்பும் வேதியியல் மாணவர்கள் தயங்காமல் வரலாம். இந்த ஆண்டு செய்முறைத் தேர்வுக்கு முன்பும் கரைசல் தயாரிக்க வருகிறேன் என்று ஆசிரியை அவர்களிடம் சொல்லிவிட்டேன். அதற்கான விடுப்பும் எழுதிக் கொடுத்தாயிற்று.

நன்றியுடன்,
உங்கள் ஊர்ப்பெண்,
சென்னிமலை