ரயிலின் தாமதத்தை ஆளின் கணக்கில் எழுதாதீர்கள்: கோலாலம்பூர் முதலாளிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிமார்களுக்கும், துப்புரவு, பாதுகாவல் ஒப்பந்தக்காரர்களுக்கும், மனிதவள அதிகாரிகளுக்கும் பத்தாங்காலியிலிருந்து வணக்கம்.

உங்கள் அலுவலகங்களிலும் பேரங்காடிகளிலும் தங்குவிடுதிகளிலும் வேலை பார்க்கும் எங்கள் உலு சிலாங்கூர் வட்டாரத்து மக்களில் பலர் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தின் வழியாகத்தான் உங்களிடம் வந்து சேர்கிறார்கள். கைரேகை இயந்திரத்தின் முன்னால் வந்து நிற்கும்போதுதான் நீங்கள் அவர்களைப் பார்க்கிறீர்கள். அதற்கு முன் அவர்கள் கடந்து வந்த நிலையத்தைப் பற்றி, காரில் வந்து கட்டடத்தின் அடித்தளத்தில் நிறுத்திவிட்டு மின்தூக்கியில் மேலே போகிற உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதை ஒரு குறையாகச் சொல்லவும் நான் வரவில்லை. ஆனால் அது தெரியாமலேயே உங்களில் பலர் இரண்டு வழக்கங்களைக் கைக்கொண்டிருக்கிறீர்கள். சில நிமிடத் தாமதத்துக்கு, தவறாமல் நேரத்துக்கு வருவோருக்குச் சம்பளத்தோடு கொடுக்கும் அந்த மாதத்து வருகைப் படி முழுவதையும் நிறுத்திவிடுவது ஒன்று; கடைசி வண்டிகளின் நேரத்தைப் பார்க்காமல் மாலை ஷிப்டை முடிப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் கொமுட்டர் என்னும் புறநகர் ரயில் வந்தது 2007ஆம் ஆண்டில். முதலில் ரவாங்கிலிருந்து ராசா வரை மட்டும் ஓடியது. 2009இல் தஞ்சோங் மாலிம் வரை நீண்டது. அதற்குள் இங்கே ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பல தோட்டங்கள் தாமான்கள் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியிருந்தன. தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை விட்டு வெளியேறியவர்களில் பலரால் ஊரை விட்டுப் போக முடியவில்லை. கோலாலம்பூர் வாடகை அவர்களுக்குக் கட்டுபடியாகாது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளத்தில் தலைநகரில் ஓர் அறை எடுத்து, சாப்பிட்டு, பிள்ளைகளுக்குப் பணமும் அனுப்ப முடியுமா என்பதை உங்கள் கணக்காளரிடமே கேட்டுப் பாருங்கள். வீடு இங்கேயும் வேலை அங்கேயும் என்று ஆனபின் எங்கள் குடும்பங்கள் ரயிலை நம்பித்தான் நடக்கின்றன. அந்த ரயில் இருப்பதால்தான் உங்களுக்கும் அந்தச் சம்பளத்துக்கு ஆள் கிடைக்கிறது.

விடியுமுன் மோட்டார் சைக்கிளில் நிலையத்துக்குக் கொண்டுவந்து விட யாராவது வீட்டில் இருக்க வேண்டும். பத்தாங்காலியில் ஏறும்போது உட்கார இடம் கிடைக்கலாம். செரெண்டா தாண்டி ரவாங் வந்ததும் நிற்கிறவர்கள் கூடிவிடுவார்கள். சுங்கை பூலோ, கெப்போங் தாண்டுவதற்குள் கதவோரம் நிற்பவர் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்தால் மறுபடி கீழே இறக்க முடியாத அளவுக்கு நெரிசலாகிவிடும். எல்லாம் சரியாக இருந்தாலே சென்ட்ரல் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் எல்லா நாளும் எல்லாம் சரியாக இருப்பதில்லை. 2010 முதல் ஓடும் இடிஎஸ் விரைவு வண்டிகளும் சரக்கு வண்டிகளும் இதே தண்டவாளத்தில்தான் போகின்றன. ஒன்றுக்கு வழிவிட மற்றொன்று நிற்க வேண்டும். இடி மின்னல், வெள்ளம், கம்பித் திருட்டு, சிக்னல் கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு. வழியில் ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நின்றுவிட்ட வண்டிக்குள் இருக்கும் ஒருவர் எவ்வளவு பொறுப்பானவராக இருந்தாலும் இறங்கித் தள்ளிவிட முடியாது.

சென்ட்ரலில் வண்டி நின்றுவிட்டால் ஆள் வந்து சேர்ந்துவிட்டார் என்று நினைப்பது இன்னொரு தவறு. கொமுட்டர் நடைமேடைகள் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. மேலே கட்டடம் கவிந்திருப்பதால் காற்று குறைவு, புழுக்கம் அதிகம். ஒரே நேரத்தில் இறங்கும் நூற்றுக்கணக்கானவர்கள் இரண்டு மூன்று படிக்கட்டுகளை நோக்கி நெருக்கியடித்துக்கொண்டு நகர்வார்கள். முழங்கால் வலி உள்ள அக்காமார்கள் கூட்டம் கலையட்டும் என்று தூணோரம் ஒதுங்கி நின்றுவிடுவார்கள். படியேறினால் டிக்கெட் வாயில், அதன் பிறகு பொதுக்கூடம். அங்கிருந்து நகர ரயில்களுக்கு மாற வேண்டும்: எல்ஆர்டி ஒரு பக்கம்; எம்ஆர்டிக்குத் தேசிய அருங்காட்சியக நிலையம் வரை நீண்ட நடைபாதை; மோனோரெயிலுக்கோ பேரங்காடி முழுவதையும் ஊடுருவித் துன் சம்பந்தன் சாலைப் பக்கம் போக வேண்டும். மோனோரெயில் 2003இல் ஓடத் தொடங்கியபோது இரண்டு நிலையங்களுக்கும் நடுவே கூரையுள்ள வழி கிடையாது; 2014இல் அந்தப் பேரங்காடி திறந்த பிறகுதான் மழையில் நனையாமல் போக முடிந்தது. (தோட்டங்கள் துண்டாடப்பட்ட நாளில், தொழிலாளர்கள் தாங்களே தோட்டம் வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர், அன்றைய மலேசிய இந்தியர் தலைவரான துன் சம்பந்தன். தோட்டம் இழந்தவர்களின் பிள்ளைகள் அவர் பெயர் கொண்ட சாலையை ஒட்டி ஓட்டமும் நடையுமாகப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.)

மாலையில் இதே நிலையத்தின் வேறொரு முகத்தைப் பார்க்கலாம். 2010இல் கொமுட்டரில் பெண்களுக்கென்று தனிப்பெட்டி ஒதுக்கினார்கள். நடைமேடையில் எந்தத் தூணுக்கு நேராக அந்தப் பெட்டியின் கதவு வந்து நிற்கும் என்பது எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அத்துப்படி. வேலைச் சீருடையின்மேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு, காலையில் கொண்டுபோன சாப்பாட்டுப் பாத்திரம் பையில் கடகடக்க, அந்தத் தூணின் பக்கத்தில் போய் நின்றுவிடுவார்கள். நாற்காலி காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார்கள். காரணம் இருக்கிறது. வடக்கே போகும் வண்டிகளில் பத்துமலைக்குப் போவதும் உண்டு, தஞ்சோங் மாலிம் போவதும் உண்டு. இரண்டும் புத்ரா நிலையம் வரை ஒரே வழியில் போய் அதன் பிறகு பிரிகின்றன. அறிவிப்பைக் கூட்ட இரைச்சலில் சரியாகக் கேட்காமல் பத்துமலை வண்டியில் ஏறிவிட்டு, செந்தூல் வந்ததும் பதறி இறங்கித் திரும்பி வந்தவர்கள் எங்கள் தாமானில் சிலர் இருக்கிறார்கள். அந்த இடைவெளியில் அவர்களுடைய வண்டி போயிருக்கும். கூட்டம் குறைந்த வேளைகளில் எங்கள் ஊர் வரை வரும் வண்டி ஒன்றை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம் வரைகூடக் காத்திருக்க வேண்டியிருக்கும். சுபாங்கிலோ பங்சாரிலோ வசிப்பவருக்கு ஒரு வண்டி தவறிப்போவது வெறும் எரிச்சல். எங்களுக்கோ பிள்ளை தூங்கிவிட்ட பிறகு வீடு போய்ச் சேர்வது என்று பொருள்.

இப்போது அந்த வருகைப் படிக்கு வருகிறேன். எங்கள் வரிசையில் குடியிருக்கும் ஓர் அக்கா ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்க்கிறார். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ஒரு மாதம் முழுவதும் விடுப்பு எடுக்காமல் போனவர், ஒரே ஒரு நாள், ரவாங்கைத் தாண்டி வண்டி நின்றுவிட்டதால் சில நிமிடம் தாமதமாகக் கைரேகை வைத்தார். அந்த மாதச் சம்பளச் சீட்டில் வருகைப் படி என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. சூப்பர்வைசரிடம் கேட்டதற்கு, "முதல் வண்டியிலேயே வந்திருக்கலாமே" என்று பதில் கிடைத்தது. அக்கா வந்தது முதல் வண்டிதான். அதற்கு முன்னால் ஒரு வண்டி இருந்திருந்தால் அதில் வந்திருப்பார். அவரை எனக்குத் தெரியும், எதற்கும் முன்னதாகவே போய் நிற்கிறவர். சீட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டி, "ஒரு நாளுக்காக முப்பது நாளையும் இல்லையென்று ஆக்கிவிட்டார்களே தம்பி" என்று மட்டும் சொன்னார்.

பழைய தோட்டத்துப் பெரட்டு என்னும் விடியற்காலை ஆள்கணக்குக்கும் இதற்கும் எனக்கு அதிக வேற்றுமை தெரியவில்லை. இருட்டில் பெயர் கூப்பிடும்போது எதிரில் இல்லாதவருக்கு அன்று வேலை இல்லை என்பது அந்தக் காலத்து விதி. ஆனாலும் லயத்திலிருந்து பெரட்டுக் களம் கூப்பிடு தூரம்தான். பிந்தினால் அது ஆளின் பிழை என்று கங்காணி சொன்னதிலாவது ஏதோ கொஞ்சம் பொருள் இருந்தது. அன்றைய கூலியோடு கணக்கும் முடிந்தது. நீங்கள் வேறு எவரோ ஓட்டும் வண்டியின் தாமதத்துக்காக ஒரு மாதத்தின் படியை எடுத்துக்கொள்கிறீர்கள்.

படி என்பது நாங்களாக மனமுவந்து கொடுப்பது, கொடுக்காமல் விட்டால் சட்டப்படி தவறாகாது என்று நீங்கள் சொல்லக்கூடும். சட்டம் பேசி உங்களை மடக்க நான் முயலவில்லை. நேரத்துக்கு வருவதை ஊக்குவிக்கத்தானே அந்தப் படி? மாதத்தின் மூன்றாம் நாளே ரயிலால் அதை இழந்துவிட்டவருக்கு மீதி நாட்களில் விழுந்தடித்து ஓடிவர என்ன காரணம் இருக்கிறது? உங்கள் நோக்கத்தையே அந்த விதி கெடுக்கிறது.

ரயிலைச் சாக்காக வைத்துக்கொண்டு பிந்தி வருகிறவர்கள் இல்லாமலில்லை. எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் பொருட்டு நான் வாதாடவில்லை. ஆனால் உண்மையைக் கண்டுபிடிப்பது இந்தக் காலத்தில் ஒரு வேலையே அன்று. பெரிய தடங்கல்களை ரயில் நிறுவனம் தன் சமூக ஊடகப் பக்கங்களில் அறிவிக்கிறது. ஒரே வண்டியில் உங்கள் ஆட்கள் நான்கு பேர் வந்தால் நான்கு பேரும் ஒரே நேரத்தில் பிந்தியிருப்பார்கள். நடைமேடைத் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். பாதி வழியில் வண்டி நிற்கும்போதே வாட்ஸ்ஆப்பில் தகவல் சொல்லிவிட்டவருக்கும், வந்தபின் கதை சொல்கிறவருக்கும் உள்ள வேற்றுமையை எந்தச் சூப்பர்வைசரும் ஒரு மாதத்தில் தெரிந்துகொள்வார்.

இரவு ஷிப்டைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் எளிது. பத்து மணிக்குக் கடை அடைத்து, கணக்கு ஒப்படைத்து, பையைச் சோதனைக்குக் காட்டி, மோனோரெயிலையோ எல்ஆர்டியையோ பிடித்துச் சென்ட்ரலுக்கு வந்தால், கண் முன்னாலேயே வண்டி கிளம்பிப் போகும் நாட்கள் பல. பிறகு ஆளில்லாத நடைமேடையில் காத்திருப்பு. நள்ளிரவை ஒட்டிப் பத்தாங்காலியில் இறங்கினால் அங்கே பேருந்து கிடையாது. மகனோ கணவரோ மோட்டார் சைக்கிளோடு நிலையத்து வாசலில் நிற்கிறார். அவரும் காலையில் வேலைக்குப் போகவேண்டியவர். என் உறவுக்காரப் பெண் வேலை செய்யும் ஒரு கடையின் மேலாளர், யாரும் கேட்காமலேயே எங்கள் பாதையில் போகிற இரண்டு பெண்களைப் பதினைந்து நிமிடம் முன்னதாக விடுவித்து, அதே பதினைந்து நிமிடத்தை மறுநாள் முன்னதாக வந்து ஈடுசெய்யச் சொன்னார். அவருக்குக் காசு செலவில்லை, கடைக்கு நட்டமில்லை. அந்தப் பெண்கள் அந்த வேலையை விடுவதாகவும் இல்லை.

இப்படிக் கேட்பதற்குச் சட்டத்திலும் வழியிருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்டு 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த திருத்தம், வாரத்துக்கு 48 மணியாக இருந்த வேலை நேரத்தின் உச்சவரம்பை 45 மணியாகக் குறைத்தது. ரயிலில் போகும் நேரம் அதில் எப்படியும் சேராது. அதே திருத்தம், வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம் என்றும், முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும் என்றும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்றும் வகை செய்திருக்கிறது. எங்கள் தாமானில் சிலருக்கு அப்படிப்பட்ட விண்ணப்பத்தை மலாயில் எழுதிக் கொடுத்தவன் நான். சிலருக்குப் பதிலே வரவில்லை. சிலர் எழுதி வாங்கிக்கொண்டு போய், கொடுக்கப் பயந்து வீட்டிலேயே வைத்துவிட்டார்கள். ஒப்பந்தம் மாறும்போது தங்கள் பெயர் விடுபட்டுவிடும் என்று அவர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. எனவே விண்ணப்பம் வரட்டும், பார்க்கலாம் என்று காத்திராமல் நீங்களே முதலில் பேச்செடுப்பதுதான் முறை.

அடுத்த மாதத்து வேலை அட்டவணையைப் போடுமுன், வடக்குப் பாதையில் வீடு திரும்புகிறவர்கள் யார் யார் என்று ஒரு முறை கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கொமுட்டர் கால அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்களுடைய ஷிப்ட் முடியும் நேரத்தைப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள். அறிவிக்கப்பட்ட ரயில் தடங்கலால் பிந்தியவருக்கு வருகைப் படி வெட்டப்படாது, பிந்திய நிமிடங்களை வேலை முடிவில் ஈடுசெய்யலாம் என்று ஒரு சுற்றறிக்கை எழுதி, மலாயிலும் தமிழிலும், கைரேகை இயந்திரத்துக்கு மேலே ஒட்டுங்கள். தமிழில் எழுதித் தர ஆளில்லையென்றால் உங்களிடம் வேலை செய்யும் எங்கள் ஊர்க்காரர் எவரிடமாவது சொல்லி அனுப்புங்கள், எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
பத்தாங்காலியிலிருந்து தினமும் வந்துபோகும் ஒரு கணக்கு எழுத்தர்