நடக்காத ஓட்டப்போட்டியும் நடந்த மற்றவையும்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிருவாக சபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, வெளியே வேப்பமரத்தடியில் கட்டிக்கிடக்கும் உங்கள் நாய்களே, அனைவருக்கும் வணக்கம்.

போன பொதுக்கூட்டத்துக்குப் பிறகு, நாய் வளர்ப்போரான எங்கள் சங்கத்தின் மாதாந்தக் கூட்டங்கள் பதினொன்று நடந்தன. மார்கழிக் கூட்டம் மட்டும் நடக்கவில்லை. அன்று மண்டபத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர். சந்தா, நிலுவை, வங்கிக் கணக்கு எல்லாம் பொருளாளர் வாசிப்பார், நான் அதற்குள் போகவில்லை. இந்த வருடம் எங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் தின்றது ஒரே விடயம்தான்: சித்திரைப் புத்தாண்டுக்கு மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் நாய் ஓட்டப்போட்டி வைப்பதா, இல்லையா. ஏன் வைக்கவில்லை என்று இன்னும் என்னைச் சந்தையில் மறித்துக் கேட்கிறார்கள். அதனால் இம்முறை அறிக்கையில் அதுவே நீளும். பொறுத்துக்கொள்ளவும்.

யோசனையைத் தை மாதக் கூட்டத்தில் கொண்டுவந்தவர்கள் எமது இளம் அங்கத்தவர் மூவர். கைத்தொலைபேசியில் கிரேஹவுண்ட் எனும் வேட்டை நாய் இனத்தின் ஓட்டத்தைக் காட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆறு நாய், ஆறு நிறத்தில் சட்டை: முதலாம் இலக்கம் சிவப்பு, இரண்டு நீலம், மூன்று வெள்ளை, நான்கு கறுப்பு, ஐந்து செம்மஞ்சள், ஆறாவதுக்குக் கறுப்பும் வெள்ளையும் கோடு போட்டது. பெட்டிக் கதவு திறந்ததும் தண்டவாளத்தில் ஓடும் பொய் முயலைத் துரத்துகின்றன. முழு வேகத்தில் மணிக்கு 60 கிலோமீற்றரைத் தாண்டும். ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு தடவை நாலு காலும் நிலத்தை விட்டு எழும்புகின்றன. தம்பிமார் வீடியோவை மெதுவாக ஓடவிட்டுக் காட்டியபோது மண்டபமே வாயைப் பிளந்தது. நானும்தான்.

“தோணி ஓட்டம் இருக்கு, சைக்கிள் ஓட்டம் இருக்கு, மாட்டுவண்டில் இருக்கு. நாய்க்கு மட்டும் என்ன குறை?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆதரித்துக் கை உயர்த்தியவர்களில் அடியேனும் ஒருவன் என்பதைக் கூட்டக் குறிப்பு சொல்லும், மறைக்க முடியாது.

மாசியில் ஒரு வெள்ளோட்டம் பார்த்தோம். பொய் முயலுக்கு நீண்ட சரித்திரம் இருக்கிறதாம். அமெரிக்காவில் ஓவன் பற்றிக் ஸ்மித் என்பவர் மின்சாரத்தில் ஓடும் முயலைச் செய்து, 1919இல் கலிபோர்னியாவின் எமரிவில்லில் ஓட்டத்திடல் திறந்திருக்கிறார். 1926 ஜூலையில் அது இங்கிலாந்துக்குப் போய், மன்செஸ்டரின் பெல் வியூ திடலில் தொடங்கியது. உயிருள்ள முயலைத் துரத்திக் கொல்வதற்குப் பதிலாகப் பொம்மையைத் துரத்துவது நல்லதுதானே என்ற எண்ணமும் அதில் இருந்தது. எங்கள் முயல் கோழி இறகு கட்டிய அரிசிச் சாக்கு. மின்சாரத்துக்குப் பதில், நடு ஸ்ரான்டில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் பின் சில்லில் சுற்றும் மீன்பிடிக் கயிறு.

ஆறு நாய்கள் வந்தன. ஒன்று தொடக்கக் கோட்டிலேயே படுத்துக்கொண்டது. இரண்டு தங்களுக்குள் பழைய கணக்கைத் தீர்த்தன. ஒன்று கடலுக்குள் இறங்கியது. ஒன்று சாக்கைப் பாதித் தூரம் துரத்திவிட்டு, சட்டென்று கிறுகிக் கச்சான் விற்கும் அக்காவின் வண்டிலை நோக்கிப் பாய்ந்தது. (மட்டக்களப்பாருக்குக் கிறுகுதல் என்றால் விளங்கும், விளங்காத வெளியூர் அங்கத்தவர்கள் திரும்புதல் என்று வாசிக்கவும்.) ஒழுங்காக ஓடியது ஒன்றே ஒன்று, என் ஜிம்மி. அவனுக்குத்தான் கயிறு முன்னங்காலில் சுற்றியது. பாதத்தின் மெத்தை கிழிந்து மூன்று கிழமை நொண்டினான். கயிற்றைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பார்க்கவில்லை. கச்சானுக்கு 1,500 ரூபா நட்டஈடு கொடுத்தோம், பொருளாளரின் கணக்கில் “இதரம்” என்று வருவது அதுதான்.

அன்று மாலை இன்னொன்றும் தெரியவந்தது. தேத்தண்ணிக் கடையில் எந்த நாய் வெல்லும் என்று ஏற்கெனவே காசு சேர்த்திருக்கிறார்கள். நம் மொழியிலும் வசதி இருக்கிறது. ஓடுவதும் பந்தயம், காசு கட்டுவதும் பந்தயம். எது எது என்று நாய்க்குத் தெரியாது.

அப்புறம்தான் மூவர் குழு ஒன்றை நியமித்து, வெளிநாட்டில் இந்த ஓட்டம் எப்படி நடக்கிறது என்று விசாரிக்கச் சொன்னோம். அவர்கள் அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. ஆரையம்பதியைச் சேர்ந்த எமது அங்கத்தவரான அக்கா ஒருவரின் மகள் மெல்பேணில் இருக்கிறார். ஓட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் ஒன்றைத் தத்தெடுத்து வளர்க்கிறார். பங்குனிக் கூட்டத்தில் வீடியோ அழைப்பில் வந்தார், நாயோடு.

நாயின் பெயர் கச்சான். நாங்கள் கடலையை நினைத்துச் சிரித்தோம். பிள்ளை நினைத்தது கச்சான் காற்றை. வைகாசிக்குப் பிறகு படுவான்கரைப் பக்கமிருந்து வயலெல்லாம் காய வீசுமே, அது. ஓட்டத்திடலில் அவனுக்கு வேறு பெயர், வேறு இலக்கம். காதின் உட்புறம் பச்சை குத்தியிருந்ததைப் புரட்டிக் காட்டினார். அவன் அதற்கும் எழும்பவில்லை. முதுகு செற்றியில், நாலு காலும் வானத்தில், கண் பாதி திறந்தபடி தூக்கம். நாளின் பெரும்பகுதி இப்படித்தானாம். மாலையில் தோட்டத்தை இரண்டு சுற்றுப் பைத்தியம் பிடித்தமாதிரி ஓடுவான், பிறகு திரும்பவும் செற்றி.

“மாமா, வந்த புதுசில அவனுக்கு வீடு எண்டா என்னெண்டே தெரியாது” என்றார். பிறந்ததிலிருந்து கூட்டிலும் திடலிலும் வளர்ந்த நாய். மாடிப்படியைக் கண்டு நடுங்கி நின்றிருக்கிறான். கண்ணாடிக் கதவு கதவென்று தெரியாமல் மூக்கை இடித்திருக்கிறான். முதல் நாலு படியை ஏறப் பழக்க ஒரு கிழமை: பின்னால் ஒருவர் நின்று, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து. இப்போது ஆட்களின் காலோடு உடம்பைச் சாய்த்துக்கொண்டு நிற்பான். சந்தோசம் கூடினால் பல்லைக் கிடுகிடுக்கிறான். எங்கள் தலைவர் குளிர் என்று நினைத்தார்.

அங்கே இன்னும் சில ஒழுங்குகள். விக்டோரியா மாநிலத்தில் 2019 முதல் வளர்ப்புக் கிரேஹவுண்டுக்கு வாய்மூடி கட்டாயமில்லை, ஆனால் வெளியே வாரில்லாமல் விடக்கூடாது. அதற்குக் காரணம் இருக்கிறது. சின்னப் பிராணி ஒன்று ஓடினால், துரத்தப் பழக்கிய மூளை காதை மூடிவிடும். கழுத்து தலையை விட அகலமாக இருப்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டி கழன்று போகும். இழுத்தால் அளவாக இறுகி, விட்டால் தளரும் அகலமான பட்டி வேண்டும்.

எமது ஆலோசகரான மிருக வைத்தியரும் அன்று பேசினார். நான் குறித்துக்கொண்டது இவ்வளவுதான். கிரேஹவுண்டின் உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. சில மயக்க மருந்துகள், குறிப்பாகத் தயோபென்டோன் வகை, மற்ற நாய்களுக்குக் கொடுப்பதுபோலக் கொடுத்தால் எழும்ப நெடுநேரமாகும், ஆபத்தும் உண்டு. செங்குருதிக் கலங்கள் கூடுதல், தைரொயிட் சுரப்பு இயல்பிலேயே குறைவு. இது தெரியாமல் இரத்தப் பரிசோதனையைப் பார்த்தால் நல்ல நாயையும் நோயாளி ஆக்கிவிடலாம். ஓட்டம் எப்போதும் இடப்பக்கமாக வளைவதால் வளைவில் பாரம் விழுவது வலது பின்னங்காலில். குதி மூட்டிலுள்ள சின்ன எலும்புகள் அங்கேதான் நொறுங்குகின்றன. ஒரு ஓட்டம் முடிய அரை நிமிடம் எடுக்கும். கால் ஆற மாதக்கணக்கு. ஆறினாலும் அநேகமாக அத்தோடு ஓட்டம் முடிந்தது.

மறுகா என்ன, மண்டபத்தில் பெரிய வாக்குவாதம். ஓய்வுபெற்ற கணித ஆசிரியரான எமது அங்கத்தவர், ஓடப் பிறந்த நாயை ஓடவிடாமல் வைத்திருப்பதுதான் பாவம் என்றார். மிக் த மில்லர் என்ற நாயை உதாரணம் காட்டினார். 1929, 1930 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் இங்கிலாந்தின் டேர்பி ஓட்டத்தை வென்ற ஐரிஷ் நாய். செத்த பிறகும் பாடம் செய்து அங்கே நூதனசாலையில் வைத்திருக்கிறார்கள். சேர் சொன்னதில் உண்மை இருக்கிறது. கச்சான் தோட்டத்தைச் சுற்றியதைப் பார்த்தவர்கள் யாரும் அவன் ஓட்டத்தை வெறுக்கிறான் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் நூதனசாலைக்குப் போவது ஒரு நாய். நாலைந்து வயதில் ஓட்டம் முடிந்து, பத்துப் பன்னிரண்டு வயது வரை சீவிக்கப்போகும் மற்ற நாய்கள் எங்கே போகின்றன என்பதுதான் குழுவின் அறிக்கையில் வந்த கேள்வி. சீனாவின் மக்காவோவில் 2018இல் நாய்ப் பந்தயத் திடலை மூடியபோது 500க்கு மேற்பட்ட கிரேஹவுண்டுகள் உள்ளேயே விடப்பட்டிருந்தன. அங்குள்ள மிருக நல அமைப்புகள்தான் ஒவ்வொன்றுக்காக வீடு தேடின. அதே ஆண்டு அமெரிக்காவின் புளோரிடாவில் மக்கள் வாக்களித்துப் பந்தயத்தை நிறுத்த முடிவெடுத்தார்கள். நியூசிலாந்து அரசும் 2024 டிசெம்பரில் நிறுத்தப்போவதாக அறிவித்தது.

அப்போது வெல்லாவெளிப் பக்கத்து அங்கத்தவர் ஒருவர் எழும்பினார். கூட்டங்களில் அதிகம் பேசாதவர். “மக்காவோவுக்கு ஏன் போவான்? பெரும்போகம் வெட்டி முடிஞ்ச பிறகு எங்கட வாடிப் பக்கம் வந்து பாருங்க” என்றார்.

போய்ப் பார்த்தோம். வாடி என்றால் வயலில் காவலுக்குப் போடும் குடிசை. யானைக் காவலுக்கு வயலுக்குக் கொண்டுபோகும் நாய்கள் இரவெல்லாம் பரணடியில் கிடந்து குரைக்கும். யானை வருவதை மனிதனுக்கு முன் அதுதான் அறியும். அறுவடை முடிந்து மூட்டை வண்டியில் ஏறிவிடும், சட்டி பானை ஏறிவிடும், வாடி பிரிக்கப்படும். நாய் சில வேளை ஏறும், பல வேளை ஏறாது. நாங்கள் போன அன்று வெறும் வாடிச் சாம்பலைச் சுற்றி ஒன்பது நாய்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் ஒன்பதும் ஓடி வந்தன. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பழைய இடத்திலேயே படுத்தன.

ஓட்டப்போட்டிக்கு ஒதுக்கிய காசை அடுத்த கூட்டத்தில் இதற்கு மாற்றினோம். எதிர்ப்பு இருந்தது, கணித ஆசிரியர் எதிர்த்தே வாக்களித்தார். ஆனாலும் மறுநாளே தன் வானை எரிபொருளோடு தந்தவரும் அவர்தான். ஒன்பது நாய்க்கும் ஊசி போட்டோம், கருத்தடை செய்தோம். ஆறுக்கு வீடு கிடைத்தது, இரண்டைச் சொந்தக்காரரே வெட்கப்பட்டு வந்து கூட்டிப் போனார்கள். ஒன்று மிச்சம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஓட்டப்போட்டி பற்றிய தீர்மானம் இதுதான்: அடுத்த வருடம் யாராவது அதை மறுபடி கொண்டுவந்தால், காயப்படும் நாயையும் ஓட்டம் முடிந்த நாயையும் யார் பொறுப்பெடுப்பார் என்று பெயர் போட்டு, கையொப்பத்தோடு கொண்டுவர வேண்டும். காசு கட்டுவது அறவே இல்லை. இதுவரை யாரும் பெயர் தரவில்லை. தம்பிமாருக்கு இதில் மனவருத்தம் இருக்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் வாடி நாய்களைப் பிடித்துத் தூக்கி வண்டியில் ஏற்றியவர்கள் அவர்கள்தான் என்பதும் குறிப்பேட்டில் இருக்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. செப்டெம்பர் 28, உலக விசர்நாய்க்கடித் தடுப்பு நாளையொட்டித் தடுப்பூசி முகாம் நடந்தது. கூட்டம் நன்று, வரிசைதான் இல்லை. கடித்த இடத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்ற துண்டுப்பிரசுரம் இன்னும் ஒரு பெட்டி என் வீட்டில் இருக்கிறது, எடுத்துப்போகவும். மிருகவதைச் சட்டம் பற்றிப் பேச வந்த சட்டத்தரணி, 1907இல் எழுதிய அந்தச் சட்டத்தில் போட்டிருந்த உச்சத் தண்டப்பணம் 100 ரூபா என்றபோது பின் வரிசையில் ஒருவர் சில்லறை எடுத்துக் காட்டினார். ஒலிபெருக்கிக்குக் கொடுத்த முற்பணம் திரும்பி வரவில்லை. நானும் பொருளாளரும் ஐந்து தடவை போய்விட்டோம், இனிப் பொருளாளர் மட்டும் போவார்.

மிச்சமான அந்த நாய்க்கு வருகிறேன். ஒடுங்கிய வயிறு, நீண்ட கால், செம்பழுப்பு நிறம். தம்பிமார் “எங்கட கிரேஹவுண்ட்” என்கிறார்கள். சுத்தமான நாட்டு நாய்தான். மூன்று மாதமாக என் விறாந்தையில் இருக்கிறாள். ஒழுகும் வாடியும் வரம்பும் மட்டுமே தெரிந்தவள், முதல் நாள் மாபிள் தரையில் கால் வழுக்கி நாலு பக்கமும் விரிந்து அப்படியே கிடந்தாள். மனைவி குசினியிலிருந்து வாசல்வரை பழைய சாக்கு விரித்து வழி போட்டார். இப்போது சாக்கு இல்லாமலும் வருவாள், சுவரோரமாக. இரவில் நாலு தெரு தள்ளி லொறி போனாலும் எழும்பி நின்று யானைக்குக் குரைப்பாள், அயலவர்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். மெல்பேண் பிள்ளை அனுப்பிய படத்தைப் பார்த்துச் சந்தையில் செருப்புத் தைப்பவர் அகலக் கழுத்துப்பட்டி ஒன்று தைத்துக் கொடுத்தார். நீலப் பட்டியோடு வேப்பமரத்தடியில் நிற்பது அவள்தான். ஜிம்மிக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை, இல்லாவிட்டால் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன். எடுக்க விரும்புகிறவர்கள் தேத்தண்ணிக்குப் பிறகு என்னிடம் வரவும். மாடி வீட்டுக்காரர் என்றால், படியில் பழக்க ஒரு கிழமை லீவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வரவும்.

இவ்வண்ணம்,
கௌரவ செயலாளர்