எங்க அம்மாவுக்காக ஓடி வந்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு 3 மாசம் ஆவுது, ஒவ்வொருத்தரா நேர்ல பாத்து சொல்லணும்னு இருந்தேன், முடியல, அதான் எழுதறேன்.

2011ல அம்மாவுக்கு இடது மார்புல கேன்சர், ஆபரேஷன் பண்ணி 25 நாள் கரண்ட், அதான் ரேடியேஷன், வச்சாங்க, சரியாயிடுச்சு. 12 வருஷம் கழிச்சு கரண்ட் வச்ச அதே எடத்துல சின்னதா புண்ணு வந்துச்சு. ஒரு எடத்துல ஒரு வருஷமா ஆயின்மெண்ட், மாத்திரைன்னே ஓட்டிட்டாங்க, கடைசில விலா எலும்பு வெள்ளையா வெளிய தெரிஞ்சுது.

அப்புறம்தான் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு போனோம். சதை எடுத்து டெஸ்ட் பண்ணி, கேன்சர் திரும்பலன்னு சொன்னப்பதான் எங்களுக்கு மூச்சே வந்துது. கரண்ட் பட்ட எடத்துல சின்ன ரத்தக்குழாய்ங்க அடைச்சுப் போச்சும்மா, ரத்தம் வராத எடத்துல எந்த மருந்து போட்டாலும் ஆறாதுன்னு டாக்டர் பொறுமையா படம் போட்டு காட்டினார். செத்துப்போன 2 விலா எலும்பை எடுத்துட்டு, முதுகு சதையை தோலோட சேத்து, அதோட ரத்தக்குழாயை அறுக்காம அக்குள் வழியா முன்னாடி திருப்பிக் கொண்டாந்து மூடினாங்க. உள்ள ஏற்கெனவே இறுகிப் போயிருந்ததால எலும்பு இருந்த எடத்துல தாங்கறதுக்கு வைக்கிற வலை, மெஷ்னு சொல்வாங்க, அது கூட தேவைப்படல. நெஞ்சு டாக்டருங்க, பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டருங்க, மயக்க டாக்டர், எல்லாருக்கும் கையெடுத்து கும்பிடறேன்.

அன்னிக்கு ராத்திரி டூட்டி சிஸ்டரை மறக்கவே மாட்டேன். ரத்தம் ஓடுதான்னு பாக்க மணிக்கொரு தரம் வந்து புது தோலை விரலால அமுக்கி எடுப்பாங்க, வெளுத்த எடத்துல திரும்ப நெறம் வர்ற வரைக்கும் குனிஞ்சு பாத்துட்டே நிப்பாங்க, நானும் மூச்சைப் புடிச்சுட்டு நிப்பேன், நெறம் வந்ததும் என்னைப் பாத்து தலையாட்டுவாங்க. விடிய விடிய இதேதான்.

குடியாத்தத்துலேந்து விடியக்காலை ரயிலேறி காட்பாடி வந்து ரத்தம் குடுத்த 4 தம்பிங்களுக்கும், தன் பொண்ணு கல்யாணத்துக்கு கட்டின சீட்டுப் பணத்தை யோசிக்காம எடுத்துக் குடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், பாபுராவ் தெருவுல ரூம் வாடகையை குறைச்சு, அம்மாவுக்கு தெனம் கஞ்சியும் காச்சிக் குடுத்த லாட்ஜ்கார அம்மாவுக்கும் என்ன சொல்றதுன்னே தெரியல.

போன வாரம் அம்மா மறுபடியும் ராட்டை முன்னாடி உக்காந்து நெசவுக்கு ரெண்டு தார் நூல் சுத்தினாங்க. கையை இழுக்கும்போது நெஞ்சுல அந்த சதை துடிக்குது, முதுகுல இருந்தப்ப கையை இழுத்த பழக்கம். நான் பயந்துட்டு கேட்டா, "நல்லா கீறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லுமா"ன்னாங்க. சொல்லிட்டேன்.